வலிக்காது என்று சொன்னவர்கள்

அந்தக் குழந்தைக்கு நான்கு வயது இருக்கும். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அம்மாவின் மடியில் உட்கார்ந்திருந்தது.

"வலிக்கவே வலிக்காதுடி செல்லம். அந்த அக்கா சும்மா தொட்டுத்தான் பார்ப்பாங்க" என்றாள் அம்மா.

ஊசியோடு எதிரே நின்ற பாப்பாவுக்கு இந்தப் பேச்சு பிடிக்காது. இருபத்தேழு வயதாகியும் வீட்டில் எல்லோருக்கும் அவள் பாப்பாதான். அந்தப் பெயர் எப்படியோ ஆய்வகத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. ரத்தம் எடுப்பதும் அதைப் பரிசோதிப்பதும் அவள் வேலை. இந்த ஆறு வருடத்தில் ஒரு குழந்தையிடமும் அவள் வலிக்காது என்று சொன்னதில்லை.

"வலிக்கும். எறும்பு கடிச்ச மாதிரி. அஞ்சு எண்ணி முடிக்கிறதுக்குள்ள போயிடும்" என்றாள்.

குழந்தை அவள் சொன்னதைக் காதில் வாங்கவில்லை. அம்மாவை நம்பிக் கையை நீட்டியது. ஊசி இறங்கியதும் வீல் என்று கத்திவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தது. அவள் நெஞ்சில் ஓங்கி இரண்டு அடி போட்டது. பிறகு அதே நெஞ்சில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதது.

இதைப் பாப்பா எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். பொய் சொன்ன ஆளிடமே குழந்தைகள் எதற்குப் போய் ஒட்டிக்கொள்கின்றன என்பது மட்டும் அவளுக்கு விளங்கியதே இல்லை.

"நீ உண்மையச் சொல்லிச் சொல்லியே இந்தக் கடைய இழுத்து மூடப்போற" என்றாள் வரவேற்பு மேசையிலிருந்த பெண். பட்டப்பெயர் குண்டூசி. ஆளும் ஒல்லி, பேச்சும் சுருக்கென்று குத்தும். "உனக்கு வரப்போறவன் பாவம். சட்டை நல்லாருக்கான்னு கேட்டுட்டு அழுதுட்டேதான் ஆபீஸ் போவான்."

பாப்பா சிரித்துக்கொண்டே குழாயில் எண் சீட்டை ஒட்டினாள்.

பதினொரு மணிக்கு ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு ஆய்வகத்திலிருந்து ஒரு பெட்டி வந்தது. அங்கே இயந்திரம் பழுது. பதினான்கு குழாய்கள், பதினான்கு படிவங்கள். ஒன்பதாவது குழாயை இயந்திரத்தில் ஓட்டியபோது திரையில் சிவப்பு எழுத்து வந்தது. ஆண், வயது அறுபத்திமூன்று. பதின்மூன்றாவது இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஐந்து புள்ளி எட்டு. குடல் புற்றுநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று காட்டும் அளவு, இருக்க வேண்டியதைப் போல முப்பது மடங்கு. இயந்திரத்தை நம்பாமல் மறுபடி ஓட்டினாள். அதே எண்.

இப்படி ஓர் எண் வந்தால் அறிக்கை அச்சாகும்வரை காத்திருக்கக் கூடாது, உடனே வீட்டாரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது விதி. படிவத்தில் நோயாளியின் பெயருக்குக் கீழே தொலைபேசி எண் இருந்தது. மேசைத் தொலைபேசியை எடுத்து அழுத்த ஆரம்பித்தாள். ஐந்தாவது இலக்கத்துக்குப் பிறகு விரல்கள் படிவத்தைப் பார்க்காமலே போய்க்கொண்டிருந்தன. இது எதனால் என்று அவள் யோசிப்பதற்குள் அந்தப் பக்கம் எடுத்துவிட்டார்கள்.

"சொல்லுங்க சார். ரிசல்ட் வந்துடுச்சா? போன மாசத்துக்கு இப்போ குறைஞ்சிருக்கா?"

அக்காவின் குரல்.

பாப்பா படிவத்தைப் பார்த்தாள். பெயர் யாரோ ஒருவருடையது. வயது அப்பாவுடையது. ஒரு கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பியாக வேண்டும் என்பது போலக் கேட்டாள்.

"நோயாளிக்கு நீங்க என்ன உறவு?"

"மூத்த பொண்ணு."

"இளைய பொண்ணுக்குத் தெரியுமா?"

அந்தப் பக்கம் எங்கோ குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதை மூடினார்கள்.

"பாப்பா?" என்றாள் அக்கா.

"ஹீமோகுளோபின் அஞ்சு புள்ளி எட்டு. உடனே ரத்தம் ஏத்தணும். அப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ." சொல்லிவிட்டு, தகவல் சொன்ன நேரத்தைப் படிவத்தில் எழுதினாள். பதினொன்று நாற்பத்திரண்டு.

ஐந்து மாதமாக அப்பாவுக்கு வயிற்றுப் புண் என்றுதான் அவளிடம் சொல்லியிருந்தார்கள். வேலைக்குப் பக்கத்திலேயே விடுதியில் தங்கியிருந்ததால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்குப் போவாள். ஒவ்வொரு ஞாயிறும் அப்பாவின் சட்டைக் காலர் ஒரு விரல் அகலம் தொளதொளத்தது. "ஏம்ப்பா இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றால், "உங்கக்கா போடற கஞ்சிய நீயும் குடிச்சுப் பாரு, தெரியும்" என்பார். ரத்தம் கொடுங்கள், நானே பார்க்கிறேன் என்று ஒருமுறை சொன்னதற்கு, "உன் ஊசின்னா எனக்குப் பயம்மா" என்று கையை மடக்கிக்கொண்டார். அக்கா அவளைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு போய், "டாக்டர் பார்த்துக்கிறார். நீ ஜெபம் மட்டும் பண்ணு. உன் ஜெபந்தான் கேட்கப்படும்" என்றாள்.

அவள் கேள்வியை விழுங்கிவிட்டு ஜெபித்தாள். கேள்வி கேட்காமல் இருப்பதுதான் குழந்தையின் நம்பிக்கை என்று நினைத்திருந்தாள். சனிக்கிழமைகளில் உபவாசம் இருந்தாள். அப்பாவின் புண் ஆறிக்கொண்டு வருவதற்காக முன்கூட்டியே நன்றி சொன்னாள். நான்கு சனிக்கிழமைக்கு முன்பு, சபைக் கூட்டத்தில் போதகர் எல்லோர் முன்னாலும் அவளைக் காட்டி, "சிறுபிள்ளை போல விசுவாசிக்கிறது எப்படின்னு நம்ம பாப்பாகிட்டக் கத்துக்கணும்" என்றபோது காது மடல் சூடாகித் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அக்காவுக்கு அன்றைக்கே தெரியும். போதகருக்கும் தெரியும்.

இரண்டரை மணிக்கு ஆஸ்பத்திரி நடைவழியில் அக்கா எழுந்து வந்து அவளைக் கட்டிக்கொள்ளப் பார்த்தாள். பாப்பா பையைக் குறுக்கே பிடித்துக்கொண்டாள்.

"உங்க லேபுக்கு வந்துடுமோன்னு பயந்துதாண்டி பேர மாத்திக் கொடுத்தேன்."

"நல்ல வேலை பண்ணிருக்க. போன் நம்பரையும் மாத்தியிருக்கணும்."

"உன்ன அழ வைக்க வேணாம்னுதான்..."

"நான் அழுவேன்னா மறைச்ச?"

அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருந்த போதகரைப் பார்த்தாள். அவர் நாற்காலியின் நுனிக்கு வந்தார். நல்ல மனிதர், அம்மா இறந்தபோது மூன்று நாள் வீட்டைவிட்டு நகராமல் கூடவே இருந்தவர்.

"நான்தாம்மா சொன்னேன். உன் அக்கா மேல கோபப்படாத. எங்க எல்லாருக்கும் டாக்டர் சொன்னது காதுலயே இருந்துச்சு. ஜெபம் பண்ண உட்கார்ந்தா அதான் முன்னாடி வந்து நிக்கும். ஒரு ஆளாவது சந்தேகமே இல்லாம கேட்கணும்னு நினைச்சோம். நீ நம்பரப் பார்க்கிற பொண்ணு. நம்பரப் பார்த்துட்டா அதத்தான் நம்புவ."

"அப்ப என்கிட்ட இருந்தது விசுவாசம் இல்லைங்கய்யா. எனக்கு விஷயம் தெரியாது, அவ்வளவுதான்."

பாப்பாவின் வாழ்க்கையில் அவள் ஒரு பெரியவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை.

"அப்பாவுக்கு?" என்று அக்காவைக் கேட்டாள். "அப்பாவுக்கு முதல்லருந்தே தெரியுமா?"

"தெரியும். சரின்னுதான் சொன்னார்."

அதுதான் ஆழமாக இறங்கியது.

செவிலி கதவைத் திறந்து, இரண்டு பேர் முயன்றும் நரம்பு கிடைக்கவில்லை, ரத்தம் பொருந்துகிறதா பார்க்க ஒரு குழாய் வேண்டும் என்றாள். அக்கா பாப்பாவைக் கைகாட்டினாள். பாப்பா கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

அப்பா தலையணையில் சாய்ந்திருந்தார். உதடு காகிதம் போல வெளுத்திருந்தது. இரண்டு முழங்கைகளிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. அவளைப் பார்த்ததும் சிரிக்க முயன்றார்.

"கடைசியில உன் ஊசிகிட்டயே மாட்டிக்கிட்டேன் பாரு."

அவள் அவர் கையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கையில் பட்டையைக் கட்டி, மணிக்கட்டுக்கு மேல் விரலால் தடவித் தேடினாள். இந்தக் கை அவளைத் தூக்கி ஊஞ்சலில் வைத்த கை. கீழே விழ விடமாட்டேன் என்று சொல்லி, விடாமலும் இருந்த கை.

"வலிக்குமா?" என்று கேட்டார்.

"வலிக்கும். நரம்பு சின்னது. அஞ்சு எண்ணுங்க."

அவர் எண்ணினார். நான்கில் ரத்தம் குழாய்க்குள் வந்தது. ஐந்து என்று சொல்லிவிட்டு, "உனக்கு ரொம்பக் கோபமா?" என்றார்.

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை நீ வந்து உட்கார்ந்து பேசிட்டுப் போவியே, அந்த ரெண்டு மணி நேரம் எனக்கு ஒரு நோயும் இல்லாத மாதிரி இருக்கும். அத விட மனசு வரல."

அவள் ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினாள். கையை விட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. ஆனால் மூன்று நிமிடமாவது அழுத்திப் பிடிக்காவிட்டால் ரத்தம் நிற்காது.

அக்காவும் போதகரும் கதவருகே வந்து நின்றார்கள். "ஒரு ஜெபம் பண்ணும்மா" என்றார் அப்பா. "ரத்தம் ஏத்தறதுக்கு முன்னாடி."

போதகர் கண்ணை மூடினார். பாப்பா எப்போதும் ஆரம்பிக்கும் நன்றியைத் தேடினாள். அது வரவில்லை. அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். யார் யாருக்குத் தெரிந்திருந்தது என்று எண்ணிப் பார்த்தாள். அக்கா. போதகர். அப்பா. அப்புறம், ஐந்து மாதமாக ஒவ்வொரு இரவும் அவள் வயிற்றுப் புண்ணைப் பற்றிச் சொல்லச் சொல்ல ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தவர்.

"ஆண்டவரே" என்றாள். "உமக்கு எல்லாம் தெரியும். நீரும் என்கிட்ட சொல்லல."

அக்கா கண்ணைத் திறந்துவிட்டாள்.

"நான் பைத்தியக்காரி மாதிரி நன்றி சொல்லிட்டிருந்தேன். நீர் கேட்டுட்டே இருந்தீர். எனக்கு உம்மேல கோபம். இவங்க எல்லார் மேலயும் இருக்கிறதவிட அதிகம்." பஞ்சை இன்னும் அழுத்தினாள். "ஆனா இத வேற யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்? உம்மகிட்டதான் சொல்லணும். அப்பாவக் கொண்டுபோயிடாதீர். கொண்டுபோறதா இருந்தா, இந்தத் தடவையாவது முன்னாடியே என்கிட்ட சொல்லும்."

சிறு குழந்தை போல, வாயைக் கோணிக்கொண்டு அழுதாள். அக்கா அருகில் வந்தாள். பாப்பா தோளை நகர்த்திக்கொண்டாள். அப்பாவின் கையில் பிடித்த பிடியை மட்டும் விடவில்லை.

போதகர் ஆமென் என்ற வார்த்தைக்காகக் காத்திருந்தார். அவள் சொல்லவில்லை. மூன்று நிமிடம் ஆனதும் பஞ்சை எடுத்துப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. குழாயில் எண்ணை எழுதினாள். அதற்குக் கீழே அப்பாவின் பெயரை, அவருடைய உண்மையான பெயரை, ஓர் எழுத்தும் விடாமல் எழுதினாள்.

குழாய் இன்னும் சூடாக இருந்தது. அதை உள்ளங்கையில் மூடிக்கொண்டு ரத்த வங்கிக்குப் படியிறங்கினாள். உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. எதிரே ஏறி வந்த செவிலி ஒதுங்கி வழிவிட்டாள். இந்தப் பெண் யாரோடோ சண்டை போட்டுக்கொண்டே போகிறாள் என்று நினைத்திருப்பாள்.