'இல்லை' என்று போட்ட வட்டம்

பக்கத்து அறையில் 'மளுக்' என்று சத்தம் கேட்டதும் தையல்காரி எழுந்தே விட்டாள்.

"உக்காருடி," என்று நாத்தனார் கையைப் பிடித்து இழுத்தாள். "கழுத்து வலிக்குதுன்னு ஆறு மாசமா வீட்டையே படுத்தின. இப்ப எங்க ஓடற?"

"எலும்பு ஒடஞ்ச சத்தம் அக்கா அது."

"ஒடஞ்சா கத்த மாட்டாங்களா? மூச்சையே காணோமே."

"அதான் பயமா இருக்கு."

மடியில் கிளினிக்கில் நிரப்பக் கொடுத்த படிவம் கிடந்தது. தலைசுற்றல் உண்டா, எலும்பு முறிந்ததுண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் உள்ளதை உள்ளபடி வட்டமிட்டாள். 'கைவிரல்கள் மரத்துப்போகின்றனவா?' என்ற இடத்தில் பேனா நின்றது.

மூன்று வாரமாக வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் யாருடைய விரல்களோ போல இருந்தன. வீட்டில் யாருக்கும் தெரியாது. கல்யாண உடைகளில் மணி தைப்பது அவள் வேலை. குனிந்த தலை நிமிராமல் பதினோரு வருடம். விரலில் உணர்வில்லை என்று தெரிந்தால் கடையில் வேறு ஆள் பார்த்துவிடுவார்கள். நாத்தனார் தோள் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்காரி 'இல்லை' என்பதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

உள்ளே இருந்த கைரோபிராக்டர் மலைபோல இருந்தார். குரல் மட்டும் மெல்லியது. மேசை மேலிருந்த கம்பியில் ஒரு முழு முதுகெலும்பு தொங்கியது.

"இது யாரோடதுங்க?" என்றாள் நாத்தனார்.

"பிளாஸ்டிக்மா. யாரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க." அவர் அதை லேசாக வளைத்துக் காட்டினார். "மூட்டு இறுகினா சுத்தி இருக்கற தசையும் இறுகும், வலிக்கும். கையால அளவா ஒரு தள்ளு தள்ளி அதை அசைய வைக்கறதுதான் எங்க வேலை. மாத்திரை ஊசி கிடையாது. சத்தம் எலும்புல வரல, மூட்டு திரவத்துல இருக்கற வாயு அது. ஆனா எல்லா நோயும் இதுல போயிடாது. சிலருக்குச் செய்யவே கூடாது. அதுக்குத்தான் அத்தனை கேள்வி."

அவள் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"படுங்க. கையை நெஞ்சு மேல வெச்சுக்கோங்க. முதல்ல தொட்டு மட்டும் பார்க்கறேன்."

படுத்தாள். பெரிய உள்ளங்கைகள் இரண்டு தலையைத் தாங்கின. கண்ணைத் தாழ்த்தியபோதுதான் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். சதையில் ஒடிந்த ஊசிமுனை ஒன்று நின்றது; அதைச் சுற்றி ரத்தம் காய்ந்திருந்தது. காலையில் மணி தைக்கும்போது குத்தியிருக்க வேண்டும். இடது கையால் அழுத்தினாள். முனை இன்னும் உள்ளே போயிற்று. வலிக்கவில்லை.

தலை மெதுவாக இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது. சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். இன்னும் கொஞ்சம் திரும்பிற்று.

"விடுங்க!"

கைகள் அப்படியே நின்றன.

"பொய் எழுதிட்டேன். விரல் ரெண்டும் மரத்துப்போச்சு. மூணு வாரமாச்சு."

"அடிப்பாவி," என்றாள் நாத்தனார்.

அவர் திட்டவில்லை. தலையைப் பூப்போல நேராக வைத்தார். ஊசிமுனையை இடுக்கியால் எடுத்து மருந்து வைத்தார். சின்னச் சுத்தியலால் இரண்டு முழங்கை மடிப்பிலும் தட்டினார். இடது கை துள்ளியது. வலது கை கிடந்தபடியே கிடந்தது. இன்னொரு முறை தட்டினார்.

"கழுத்துல நரம்பு அழுத்தமா இருக்கலாம். இன்னிக்கு நான் கழுத்தைத் தொட மாட்டேன். கடிதம் தரேன், நேரா நரம்பு டாக்டர்கிட்ட போங்க. ஸ்கேன் பார்க்கணும்."

"கை போயிடுமா?"

"தெரியலம்மா. போகக்கூடாதுன்னுதான் இப்பவே போகச் சொல்றேன். அதுவரைக்கும் குனிஞ்சு வேலை வேணாம்."

வெளியே வந்ததும் நாத்தனார் போனை எடுத்தாள். "கடைக்கு நான் பேசட்டுமா?"

"வேணாம் அக்கா. நான்தான் சொல்லணும்."

கடை முதலாளியம்மா உடனே எடுத்தார். பின்னால் தையல் இயந்திரங்கள் ஓடும் சத்தம்.

"அம்மா, எனக்கு விரல் மரத்துப்போச்சு. இனிமே குனிஞ்சு தைக்க முடியுமான்னு தெரியல."

இயந்திரங்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.