ஆணியில் தொங்கிய வில்லை

ரஹ்மா தான் பிறந்த சுரங்க ஊரான ஜராதாவுக்கு வந்தது ஒரே காரியத்துக்காக. நாலு மணி பஸ்ஸில் வாப்பாவை ஊஜ்தாவிலிருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட வேண்டும். சுரங்கத்தில் உழைத்த காலத்து நிலக்கரித் தூசி அவர் நெஞ்சில் பாதியைத் தின்றுவிட்டது. இந்தக் குளிரை இங்கே தாங்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுரங்கத்தை மூடி இருபது வருஷத்துக்கு மேலாகிறது. கம்பெனி போனது, பாதி ஊரும் போனது. மிச்சப்பட்டவர்கள் வயிற்றுப்பாட்டுக்குத் தாங்களே குழி தோண்டினார்கள். அப்படி ஒரு குழியில்தான் தம்பி மிமூன் எட்டு மாதத்துக்கு முன் இறங்கினான். மண் சரிந்தது. உடலைக்கூட எடுக்க முடியவில்லை.

வாப்பா, பூஸியான் கிழவர், முரண்டு பிடிக்கவில்லை. மூட்டை கட்டித் தயாராக இருந்தார்.

"உன் வீட்டுல டீக்கு சர்க்கரை போடுவியா, இல்ல அந்த டாக்டர் அங்கயும் வந்து உக்காந்துக்குவானா?"

"போடறேன் வாப்பா. முதல்ல தொழுதுட்டு வாங்க."

அவர் தொழுதுகொண்டிருந்தபோது அவள் மிமூன் இறங்கிய குழிப்பக்கம் போனாள். குழி வாயில் நட்ட கட்டையில் ஓர் ஆணி, அதில் வாப்பாவின் பழைய வட்டப் பித்தளை வில்லை. சுரங்கத்தில் இறங்குகிறவன் தன் எண் பொறித்த வில்லையை மாட்டிவிட்டு இறங்குவான். ஏறி வந்ததும் தன் கையால் எடுத்துக்கொள்வான். வேறு யாரும் தொடமாட்டார்கள். மிமூனும் வாப்பாவின் வில்லையை அப்படித்தான் மாட்டிவிட்டு இறங்கினான். ரஹ்மாவுக்கு இது தெரியாததல்ல. ஆனால் அழுகையில் புத்தி மழுங்கிவிட்டது. தம்பி ஞாபகமாக இருக்கட்டும் என்று கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று மணிக்குக் கிளம்பினார்கள்.

"மிமூன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம் புள்ள."

பத்தடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினார். வில்லையை எடுத்ததை ரஹ்மா அப்போதே சொல்லியிருக்கலாம். பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள்.

வெறும் ஆணியைப் பார்த்ததும் அவர் கூன் நிமிர்ந்தது.

"ஏறி வந்துட்டானா?"

மெதுவாகத்தான் கேட்டார். சுற்றுமுற்றும் தேடினார். எட்டு மாதமாக அந்த முகத்தில் இல்லாத வெளிச்சம். ஆமாம் என்று பொய் சொல்ல அவளால் முடியவில்லை.

"நான்தான் எடுத்தேன் வாப்பா."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவள் பையிலிருந்து எடுத்துக் கொடுத்த வில்லையைத் திரும்ப மாட்டினார். இரண்டு தடவை தவறிவிட்டது. பிறகு பக்கத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"மனச தேத்திக்கிட்டுத்தான் கிளம்பினேன். இப்ப ஒரு நொடி நம்பிட்டேனே. இனிமே எப்படி வருவேன்? நீ போ, பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அவள் கெஞ்சினாள், அழுதாள். அவர் பார்வை ஆணியை விட்டு அகலவில்லை. தன் சால்வையை அவர் தோளில் போர்த்திவிட்டு ரஹ்மா தனியாகப் பஸ் ஏறினாள். ஊஜ்தா வரும்வரை தன் கையையே சபித்துக்கொண்டு வந்தாள்.