தூணைப் பாத்து

எங்கள் காருக்கு வயது இருபத்திரண்டு. எனக்குக் கோபம் வரும் வேகத்தில் அது கிளம்பாது, அவ்வளவுதான், மற்றபடி தங்கம். அன்று காலை ஒன்பது மணிக்கு என் மனைவி சாவியைத் திருப்பினாள். மோட்டார் கர்கர்கர் என்று நன்றாகவே சுற்றியது. இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு அவளுக்கு லைசென்ஸ் டெஸ்ட், மூன்றாவது முறை. சொந்தக் காரைத்தான் கொண்டுபோக வேண்டும். வீடு வீடாகப் போய் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து வரும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் லைசென்ஸைக் காட்டாவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும்.

"நகரு, நான் பாக்குறேன்" என்று உட்கார்ந்தேன். எனக்கும் கர்கர்கர்தான்.

அவளுடைய தம்பி பனியனோடு வந்து பானெட்டைத் திறந்து, எல்லாம் தெரிந்தவன் மாதிரி உள்ளே எட்டிப் பார்த்தான். "பேட்டரி மாமா."

"பேட்டரி போனா எப்படிடா சுத்தும்? வாய்ல வந்ததைச் சொல்லாத."

"அப்ப பெட்ரோல்."

"நேத்துதான் போட்டேன்."

"அப்ப பிளக்."

"நாலு பிளக்கும் ஒரே ராத்திரியில போயிடுமா?"

மெக்கானிக்குக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தேன். "சாவியைப் பாதி மட்டும் திருப்புங்க சார்" என்றார். "பின்சீட்டுக்கு அடியில பெட்ரோல் பம்ப் ரெண்டு செகண்ட் 'உம்'னு ஓடும். எல்லாரும் வாயை மூடிட்டுக் கேளுங்க."

எங்கள் வீட்டில் அது லேசுப்பட்ட காரியமில்லை. சாவியைத் திருப்பினேன். "கேக்குதாக்கா?" என்றான் தம்பி. "நீ பேசாம இருந்தா கேக்கும்" என்றாள் அவள். "ரெண்டு பேரும் பேசாதீங்க" என்று நான் கத்தினேன். நாலாவது தடவை ஒருவழியாக மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒரு சத்தமும் இல்லை.

"பம்ப் ஓடல. வண்டி எங்கயாவது இடிச்சுதா சார்?"

"என் கையில இருக்கிற வண்டி இடிக்குமா?" என்றேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இடித்தது. முந்தின நாள் மாலை அவள் ஓட்டிப் பழகிவிட்டு வந்ததும், "உள்ள விடுறது உனக்கு வராது, தூண்ல சாத்திடுவ" என்று அவளைத் தெருவிலேயே இறக்கிவிட்டேன். அவள் வீட்டுக்குள் போனதும் நானே போர்டிகோவில் விட்டு, நேராகத் தூணில் சாத்தினேன். இன்ஜின் தானாக நின்றது. காரைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, தூணில் பெயர்ந்த இடம் தெரியாமல் ஒரு பூந்தொட்டியை நகர்த்தி வைத்தேன். ஆறு மாதமாக "தூணைப் பாத்து, தூணைப் பாத்து" என்று அவள் உயிரை வாங்கியவன் வேறென்ன செய்வான்?

"இடிக்கலன்னா பம்பே போயிடுச்சு" என்றார் மெக்கானிக். "நாளைக்கு வந்து இழுத்துட்டுப் போறேன்."

அவள் கையிலிருந்த டெஸ்ட் படிவத்தை இரண்டாக மடித்தாள். "நேத்து ஒரு பள்ளத்துல இறக்கினேனே, அதுலதான் கெட்டிருக்கும். எனக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராதுங்க. வேலைக்கு வரலைன்னு அவங்ககிட்ட சொல்லிடுறேன்."

போன இரண்டு டெஸ்டிலும் காலி ரோட்டில் பிரேக் போட்டுத்தான் அவள் தோற்றாள். எதுக்கும்மா போட்டீங்க என்று அதிகாரி கேட்டதற்கு, தூண் வந்துடுமோன்னு பயந்துட்டேன் சார் என்றாளாம். இதைச் சொல்லி நான் வீடு வீடாகச் சிரித்திருக்கிறேன்.

"நான்தான் இடிச்சேன்" என்றேன். போய்ப் பூந்தொட்டியை நகர்த்தினேன்.

தம்பி தூணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். மெக்கானிக் இன்னும் லைனில்தான் இருந்தார். "இதை முதல்லயே சொல்லக்கூடாதா சார்? இடிச்சா பம்பை நிறுத்துற சுவிட்ச் ஒண்ணு டிக்கி ஓரத்துல இருக்கு. பெட்ரோல் எதுவும் ஒழுகலன்னா, அந்தச் சிவப்பு பட்டனை அமுக்குங்க, போதும்."

குனிந்து பார்த்தேன், ஒழுகவில்லை. அமுக்கினேன். அவள் சாவியைத் திருப்பினாள், உடனே பிடித்துக்கொண்டது.

"ஆறு மாசம்" என்றாள் அவள். மடித்த படிவத்தைத் தொடையில் வைத்து நீவினாள். "தம்பி, நீ முன்னாடி உக்காரு. நீங்க பின்னாடி போங்க."

போனேன். ரிவர்ஸ் போட்டாள். கேட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு தூண். பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தேன். அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். மூடிக்கொண்டேன். தூணை உரசாமல் வண்டி தெருவுக்கு வந்தது. நான் உட்கார்ந்திருந்த சீட்டுக்கு அடியில் பம்ப் உம்மென்று ஓடுவது எனக்கு அப்போதுதான் கேட்டது.