இரண்டாவது அடி

ஜெயபாரதி தம்பி வேல்குமாரின் கையிலிருந்து கடப்பாரையைப் பிடுங்கி எறிந்தாள். அது பொக்லைன் சக்கரத்தில் மோதி விழுந்தது. அவன் தடுக்கவில்லை. கிணற்று மேட்டில் அவர்களுடைய அண்ணன் செந்தில்வேல் குப்புறக் கிடந்தான். காதுக்குப் பின்னால் மண்டை உள்வாங்கியிருந்தது. விரல்கள் மட்டும் கொஞ்ச நேரம் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தன.

பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் சகாயராஜ் தன் சரக்கு ஆட்டோவில் அவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு விரட்டினான். வீரபாண்டியைத் தாண்டுவதற்குள் மூச்சு நின்றுவிட்டது.

அப்பா ரத்தினசாமி காலத்தில் அங்கே பதினான்கு ஏக்கர் இருந்தது. பருத்தியும் சோளமும் விளைந்த காடு. பக்கத்தில் சாயப்பட்டறை வந்த பிறகு கிணற்றில் ஒருநாள் சிவப்பாகவும் மறுநாள் நீலமாகவும் தண்ணீர் ஊறியது. மாடுகள் வாய் வைக்கவில்லை. அப்பா துண்டு துண்டாக விற்றார். பனியன் கம்பெனிகள் வந்தன, வேலைக்கு வந்தவர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடுகள் வந்தன, கடைசியில் ஊரே மாநகராட்சியில் ஒரு வார்டாகிவிட்டது. மிஞ்சியது கிணறும் சுற்றி ஒரு ஏக்கரும்தான். அதில் முருங்கை வைத்துப் பிழைத்த செந்தில்வேலுக்கு நாற்பத்தாறு வயதாகியும் யாரும் பெண் கொடுக்கவில்லை. காட்டு வேலை பார்ப்பவன் வேண்டாம் என்றார்கள்.

அந்த ஒரு ஏக்கரில் கம்பெனி கட்ட வேல்குமாருக்கு ஆசை. அன்று காலையில் கையெழுத்துக் கேட்டுப் பத்திரத்தோடு அக்காவிடம் வந்தான். அண்ணனையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று அவள் சொன்னதும், பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு எழுந்து போனான். புருஷனை இழந்து வந்தவளுக்குத் தன் லைன் வீடுகளில் ஒன்றை வாடகை வாங்காமல் கொடுத்திருப்பவன் அவன்தான். மனசு கேட்காமல் அவள் பின்னாலேயே போனாள்.

அதற்குள் பொக்லைன் நாலு மரங்களைச் சாய்த்திருந்தது. செந்தில்வேல் அதன் முன்னால் போய் நின்றான். ஓட்டுபவன் எஞ்சினை அணைத்தான். தம்பி அண்ணனைப் பிடித்துத் தள்ளினான். லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணன் தம்பியின் கன்னத்தில் அறைந்தான். வேலிக்கல் பிடுங்க வைத்திருந்த கடப்பாரை கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.

மறுநாள் பெரியாஸ்பத்திரி பிணவறை வாசலில் காத்திருந்தபோது, யாருமே எதையும் பார்க்கவில்லை என்பது தெரிந்தது. பொக்லைன்காரன் ஊரிலேயே இல்லை. குடியிருப்பவர்கள் எல்லோரும் ஷிப்டுக்குப் போயிருந்தார்களாம். சகாயராஜ் கீழே பார்த்தபடி, தான் சத்தம் கேட்டுத்தான் வந்ததாகச் சொன்னான். அவனும் வேல்குமாரின் வீட்டில்தான் இருக்கிறான்.

அம்மா செல்லாத்தாள் மகளை வேப்பமரத்தடிக்கு இழுத்துப் போனாள்.

"கால் தவறி உழுந்துட்டான்னு சொல்லிப்போடு கண்ணு. போனவன் வரமாட்டான். சின்னவனுக்கு ரெண்டு கொழந்தைங்க இருக்குது."

"அண்ணனுக்கு யாரும்மா இருக்கறாங்க?"

செல்லாத்தாள் மகளின் கையை விடாமல் நின்றாள். பிறகு விட்டாள்.

இன்ஸ்பெக்டர் கூப்பிட்டார். விழுந்ததா, அடித்ததா என்று கேட்டார். ஜெயபாரதி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

"சின்னவன்தான் அடிச்சானுங்க சார். ரெண்டு அடிங்க. மொத அடி தோள்ல. ரெண்டாவது அடி உழும்போது அண்ணன் கீழதானுங்க கெடந்தான்."

ஸ்டேஷன் ரைட்டர் எழுதி முடித்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

திரும்பியதும் அம்மா அவள் முகத்தில் அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். பிறகு இரண்டு கைகளாலும் மாறி மாறி அவள் மார்பில் குத்தினாள். ஜெயபாரதி கையைத் தூக்கவில்லை. உதடு கிழிந்து ரத்தம் மோவாயில் வழிந்தது. ஒரு போலீஸ்காரம்மா வந்து பிரித்துவிட வேண்டியிருந்தது.

வெள்ளைத் துணியில் சுற்றிய உடம்பை மூன்று மணிக்குக் கொடுத்தார்கள். வண்டியில் ஒரு பக்கம் அம்மாவும் எதிரே மகளும் உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கம்பெனி பஸ் ஒன்று குறுக்கே வர, டிரைவர் சட்டென்று பிரேக் போட்டார். உடம்பு நழுவியது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பாய்ந்து பிடித்தார்கள். ஜெயபாரதியின் கை அடியிலும் செல்லாத்தாளின் கை அதன் மேலும் இருந்தது.

வீட்டு வாசலில் வண்டி நிற்கும்வரை இருவரும் கையை எடுக்கவில்லை.