முப்பதாம் தேதி வரை நலம்

கைசனுக்கு எடை மூன்றே கால் கிலோ. யார்க்‌ஷயர் டெரியர். கம்பெனிச் சுவரில் 'தொடர்ந்து முன்னேறு' என்ற பொருளில் எழுதியிருந்த ஜப்பானியச் சொல்லை நாய்க்குச் சூட்டியவர் கண்ணப்பன். ஒரகடத்தில் கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் அந்தக் கம்பெனியில் அவர் குவாலிட்டி சூப்பர்வைசர். தாம் ஓகே சொல்லாமல் ஒரு பட்டையும் வெளியே போகாது என்பதைக் கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார்.

பதினான்காம் தேதி காலை கைசன் சோபாவிலிருந்து குதித்தது. வலது பின்னங்கால் தரையில் படவில்லை. மூன்று காலில் நொண்டி வந்து அவர் மனைவி இசைவாணியின் காலடியில் உட்கார்ந்தது. இந்தக் குட்டி ரகங்களுக்கு முழங்கால் சில்லு நழுவுவது சகஜம் என்றார் டாக்டர். இந்த வாரமே ஆபரேஷன் செய்யாவிட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான்.

"இன்சூரன்ஸ் கீது டாக்டர்" என்றார் கண்ணப்பன், ஏதோ இன்சூரன்ஸையே தாம்தான் கண்டுபிடித்தது போல.

பதினேழாம் தேதி இன்சூரன்ஸிலிருந்து ஜாஸ்மின் நேரில் வந்தார். பாலிசி எடுக்கும்போதே கால் கெட்டிருந்ததா என்பதுதான் கேள்வி. ஆமென்றால் பைசா பெயராது, ஆபரேஷனும் நடக்காது.

"நாய் நல்லா இருந்துச்சுன்னு ஏதாவது ரெக்கார்ட் இருக்கா சார்?"

கண்ணப்பன் பிறந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். பீரோவிலிருந்து பச்சை ஃபைலை இறக்கினார். தினசரி செக் ஷீட். பல்லுக்கு, மூச்சுக்கு, காலுக்குத் தனித்தனிக் கட்டம். வாலுக்கும் ஒன்று. எல்லாவற்றிலும் 'ஓகே', கையெழுத்து.

ஜாஸ்மின் பக்கங்களைப் புரட்டி, இந்த மாதத்தில் நின்றார்.

"சார், இன்னிக்கு பதினேழுதானே?"

"ஆமா மேடம்."

"இதுல வலது பின்னங்கால் இருபத்தஞ்சாந்தேதி ஓகே. முப்பதாந்தேதியும் ஓகே. ரெண்டு கிலோமீட்டர் வாக்கிங் வேற போயிருக்கு."

மேசைக்கடியில் மூன்று காலில் நின்று கைசன் குரைத்தது.

மாதம் பிறந்ததும் முதல் ஷிப்டிலேயே முப்பது நாளுக்கும் ஓகே போட்டுவிடுவது அவருடைய லைனில் வழக்கம். ஆடிட்டர் வரும்போது கட்டம் காலியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். வழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது.

"அது வந்து... ஃபோர்காஸ்ட் மேடம்."

"முழங்காலுக்கா?"

இசைவாணிக்குப் பொறுக்கவில்லை. "யோவ், கொயந்த கால தூக்கிகினு நிக்குது, நீ இன்னா கதை வுட்டுகினு கீற?" என்று உள்ளே போய், பாலிசி எடுத்த வாரம் டாக்டர் கொடுத்த தடுப்பூசிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாள். நான்கு கால்களும் நலம் என்று அதில் எழுதியிருந்தது.

"இது போதும்" என்றார் ஜாஸ்மின். "ஆனா சார் குடுத்த ஷீட்ட நான் பாத்துட்டேன். அது செல்லாதுன்னு சாரே எழுதிக் குடுத்தாதான் மேல அனுப்ப முடியும்."

கண்ணப்பன் பேனாவைத் திறந்தார். 'நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு' என்று ஆரம்பித்தார்.

"இன்னா நிர்வாகம்? நாயப் பாக்காமயே ஓகே போட்டேன்னு எழுது" என்றாள் இசைவாணி.

எழுதினார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் அவர் கைப்பட எழுதிய முதல் உண்மையான ரிப்போர்ட் அது.

"பதவி போடலியே சார்?"

"அது எதுக்கு மேடம்?"

"கட்டம் காலியா இருக்கக் கூடாது சார்."

அதையும் போட்டார்.

ஜாஸ்மின் போனில் படம் எடுத்து அனுப்பினார். கால் மணி நேரத்தில் அனுமதி வந்தது. இசைவாணி நாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு படப்பை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், பின்னாலேயே கண்ணப்பன். ஷேர் ஆட்டோ முழுக்க ஷிப்ட் முடிந்த பெண்கள். கைசன் மடிக்கு மடி மாறி முன்சீட்டில் இருந்த கண்ணப்பனிடம் வந்தது.

"இன்னா சார், நாய்க்கு இன்னா ஆச்சு?" என்றாள் அவர் லைனிலேயே வேலை செய்யும் தங்கமாரி.

"முட்டி நழுவிடுச்சும்மா. நான் பாக்கல."

அவர் வாயிலிருந்தா இது என்று தங்கமாரி பக்கத்தில் இருந்தவளைக் கிள்ளினாள். சிரிப்பில் ஆட்டோவே குலுங்கியது. மூன்று நாளாகச் சிரிக்காத இசைவாணி வாய்விட்டுச் சிரித்தாள். கைசன் கண்ணப்பனின் கம்பெனி அடையாள அட்டையைக் கவ்விக்கொண்டு, படப்பை வரும்வரை விடவே இல்லை.