கூட ஒரு குட்டி

ஒரு வீட்டு வாசலிலேயே ரோஜா ஸ்பிரே வாசனை குப்பென்று மூக்கில் ஏறினால், அந்த வீட்டில் ரோஜா இல்லை என்று அர்த்தம். வேறு என்னவோ இருக்கிறது. கல்யாணப் பெண்களுக்கு மேக்கப் போட்டுப் பிழைக்கிறவளுக்கு இதைப் போய் யாராவது சொல்லித் தர வேண்டுமா? மனிதர்கள் பூசுவதே மறைப்பதற்குத்தான். மேக்கப்காரி செருப்பைக் கழற்றாமல் அப்படியே நின்றாள்.

"என்ன நிக்கிற? வா வா" என்று முதுகில் தட்டினான் புரோக்கர்.

புரோக்கர் என்றால் அவள் புருஷன்தான். பழைய கார் வாங்கி விற்கிறவன். வெளியில் எல்லாரும் அவனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் அவளும் மனசுக்குள் அப்படியே கூப்பிடுவாள். அன்றைக்குக் காலையிலிருந்தே அவன் புரோக்கராகத்தான் இருந்தான்.

வந்த காரியம் பூனை. போனில் ஒரு விளம்பரம் பார்த்திருந்தாள். 'வளர்ந்த பாரசீகப் பூனை. உயர்ந்த இனம். ஓய்வு பெற்றது. நல்ல வீட்டுக்கு இலவசம்.' ஓய்வு பெற்ற பூனையாமே, இத்தனை நாளும் எந்த ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்ததாம் என்று விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ மாதமாகியிருந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான், "வாங்கிடலாம்" என்றான் புரோக்கர்.

அவன் எதையும் சும்மா சொல்கிற ஆளில்லை. அவர்களுக்குக் குழந்தையில்லை. ஆஸ்பத்திரியில் மூன்று தடவை சிகிச்சை நடந்து, மூன்று தடவையும் கரு தங்காமல் போனது. கடைசித் தடவை போன ரத்தத்தில் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தாள். அந்தச் சுவரை விட்டுக் கையை எடுப்பதற்குள், நாலாவதற்கு வருகிற செவ்வாய்க்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்கள். குறித்தது புருஷனும் மாமியாரும் டாக்டரம்மாவும். "இன்னும் ஒரே ஒரு தடவைம்மா" என்று மாமியார் கையைப் பிடித்தாள். அவள் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பேசாமல் இருந்ததையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்கள், வசதிதானே!

பேரம் இழுத்துக்கொண்டே போனால் சீட் கவர் போட்டுத் தருகிறேன் என்று சொல்லி முடித்துவிடுவது புரோக்கரின் வழக்கம். இந்தப் பேரத்துக்கு சீட் கவர், பூனை. அது அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் வந்தாள், பூனை ஆசை அப்படி. குட்டி வேண்டாம், வளர்ந்ததாகவே இருக்கட்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள். தங்கள் வீட்டில் குட்டி என்ற பேச்சு எடுத்தாலே மாமியார் கண்ணைக் கசக்க ஆரம்பித்துவிடுவாள்.

"வாங்க தம்பி, வாம்மா. உக்காருங்க. மொதல்ல டீ சாப்பிடுங்க" என்று வாயெல்லாம் பல்லாக வந்தாள் பூனையம்மா. பூனைகளை இனம் பார்த்துச் சேர்த்துக் குட்டி எடுத்து விற்பது அவள் தொழில். பேச்சில் அப்படி ஒரு தேன். கண்ணாடி அலமாரி நிறைய போட்டிகளில் வாங்கிய கோப்பைகள். கீழே வெள்ளை சோபா. அந்த சோபாவில் ஒரு பூனை முடிகூட இல்லை. பூனைக்காரி வீட்டு சோபாவில் முடி இல்லையென்றால் பூனைகள் எங்கேதான் இருக்கின்றன? மேக்கப்காரி யோசித்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தாள். பின்னால் அந்த டீக்காக எவ்வளவு வருத்தப்படப் போகிறோம் என்று அப்போது தெரியவில்லை.

பூனையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தாள் பூனையம்மா. வெள்ளை வெளேரென்று இருந்தது. கழுத்தில் ரோஸ் கலரில் பெரிய ரிப்பன்.

"இவதான் ராணி. குட்டி போடுற பொண்ணுங்க எல்லாத்தையும் எங்க தொழில்ல ராணின்னுதான் சொல்லுவோம்."

சோபாவில் வைத்தாள். வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது பூனை. புது இடத்தை மோந்து பார்க்கவில்லை, தலையைத் திருப்பவில்லை. நாலு காலையும் ஒடுக்கி, ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தது. சுற்றிலும் பெட்டி எதுவும் இல்லை.

"எவ்வளவு அடக்கம் பாருங்க" என்றாள் பூனையம்மா.

"ஆமா ஆமா, சத்தமே இல்ல" என்றான் புரோக்கர், இன்ஜினைப் பாராட்டுகிற குரலில்.

மேக்கப்காரி பூனையின் முதுகைத் தடவினாள். விரலெல்லாம் வெள்ளையாக ஒட்டியது. பவுடர்! தொழில்காரியிடமே வேலையைக் காட்டுகிறாளே இந்த அம்மாள். பவுடருக்கு அடியில் மஞ்சள் பாய்ந்த முடி, சிக்குச் சிக்காக, மூத்திர வாடையோடு. ரிப்பனை அவிழ்த்தாள். பிடரியில் முடியே இல்லை. உள்ளங்கை அகலத்துக்குத் தோல் தடித்து, பல் பதிந்த புண்ணும் பொருக்குமாக இருந்தது.

"ஐயய்யோ, என்னங்க இது?"

"கடுவன் சேரும்போது பிடரியைக் கவ்வத்தான்மா செய்யும். இயற்கைதானே?" பூனையம்மா ரிப்பனை வாங்கி மறுபடி கட்டப் போனாள். "ராணின்னா சும்மாவா?"

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். புரோக்கரும் கூடச் சேர்ந்து சிரித்தான். சீ, இதற்குச் சிரிப்பு ஒரு கேடா என்று மேக்கப்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுக்கு இப்போ குடுக்கறீங்க?"

"போன தடவை ரெண்டு குட்டி செத்துப் பொறந்துச்சும்மா. உடம்பு களைச்சுப் போச்சு. இனிமேலாவது ஒரு நல்ல வீட்ல நிம்மதியா இருக்கட்டும்னுதான்."

அதோடு விட்டிருந்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் புரோக்கர் அதற்குள் பூனையின் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தாயிற்று, பாதத்தை அமுக்கிப் பார்த்தாயிற்று. "ஓனர் நீங்க ஒருத்தர்தானே?" என்றும் கேட்டாயிற்று. வண்டி பார்த்து முடித்ததும் அவன் வாயில் தானாக வருகிற கேள்வி ஒன்று உண்டு. இலவசமாகத் தருகிறவளிடமும் அது வந்தது.

"சரி, கூட என்ன தருவீங்க?"

பூனையம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தன்னைப் போல ஒருவனைப் பார்த்துவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில்.

"ஒண்ணு சொல்றேன் தம்பி. இன்னிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, கொஞ்சம் பொறுங்க. கடுவன் தயாரா இருக்கு. இன்னும் ஒரே ஒரு தடவை சேத்து விட்டுடறேன். பொறக்கறதுல ஒண்ணு உங்களுக்கு. தாயும் குட்டியுமா கொண்டு போங்க."

"அடடே! தாங்குமா?"

"ஊசி இருக்கு, டானிக் இருக்கு, தாங்கும். தாங்கலேன்னா என்ன, வேற ராணி தர்றேன். உங்களுக்கு நஷ்டமே வராது."

"அப்படிப் போடுங்க!" என்று தொடையைத் தட்டினான் புரோக்கர். "அம்மாவும் குட்டியைப் பாத்தா குஷியாயிடுவாங்க. இன்னொரு டீ கிடைக்குமா?"

"பாத்ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டாள் மேக்கப்காரி. வலது பக்கம் என்றாள் பூனையம்மா. இவள் வேண்டுமென்றே இடது பக்கக் கதவைத் திறந்தாள்.

திறந்ததும் கண் எரிந்தது. மூத்திர நெடி தொண்டைக்குள் இறங்கியது. ஜன்னலை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். சுவரோரம் கூண்டு மேல் கூண்டாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு ராணி. சில ராணிகளுக்குக் கண் பீளை கட்டி மூடியிருந்தது. மேல் கூண்டில் போனது கம்பி வழியாகக் கீழ் கூண்டில் இருந்தவள் முதுகில் காய்ந்து கிடந்தது. கதவு திறந்த சத்தத்துக்கு ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. மூலையில் தனிக் கூண்டில் இருந்த கடுவன் மட்டும் கம்பியில் உடம்பைத் தேய்த்துக்கொண்டு அடிக்குரலில் கத்தியது. ஒரே ஒரு கூண்டு காலி. அதில் ஒரு நைந்த துணியும், குட்டி போடும் வலியில் பிறாண்டியதோ என்னவோ, நகக்கீறல் விழுந்த தகரமும் இருந்தன. அதன் அளவுதான் சோபாவில் உட்கார்ந்திருந்த ராணி ஒடுங்கியிருந்த அளவு.

இதுகூடப் பரவாயில்லை என்று சொல்ல வைத்தது அறைக் கோடியிலிருந்த தொட்டி. பூனைகளின் மலத்தட்டுகளை அதில்தான் ஊற வைத்திருந்தார்கள். அதே தொட்டியின் விளிம்பில், அதே தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்க, கவிழ்த்து வைத்த டீ கிளாஸ்கள். பக்கத்தில் ஒரே ஒரு ஸ்பாஞ்ச்.

கர்மம், கர்மம்! குடித்த டீ அப்படியே மேலே வந்தது. பிறகு போனை எடுத்துத் தொட்டியையும் கிளாஸையும் சேர்த்து ஒரு படம், கூண்டுகளை ஒரு படம் எடுத்தாள்.

திரும்பி வந்தபோது பூனை சோபாவில் மல்லாந்து கிடந்தது. பூனையம்மா ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வயிற்றை அமுக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள். புரோக்கரும் குனிந்து இரண்டு விரலால் அமுக்கிப் பார்த்தான். அவன் மறு கையில் இரண்டாவது டீ.

"இங்க பாருங்க, இன்னும் ஒண்ணு தாராளமா தாங்கும்."

"தாங்கும் தாங்கும்" என்றான் அவன்.

பூனை கூரையைப் பார்த்தபடி கிடந்தது. மேக்கப்காரிக்கு அந்தக் கூரை தெரியும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அவளும் அதைத்தான் பார்த்தாள். இந்தப் பக்கம் டாக்டரம்மா, அந்தப் பக்கம் மாமியார், கால்மாட்டில் இவன். தாங்கும் என்று அவள் தலைக்கு மேலேயே பேசி முடித்தார்கள். அவளிடம் யாரும் கேட்கவில்லை. அவளுக்குப் பூனையம்மாவின் மேலிருந்த அருவருப்பு அப்படியே நகர்ந்து, டீயை உறிஞ்சிக்கொண்டிருந்த தன் புருஷன் மேல் போய் உட்கார்ந்தது. தன்னைத் தொடுவதும் இந்த விரல்தானே என்று நினைத்தாள். உடம்பு கூசியது.

"கைய எடுங்க" என்றாள்.

"என்னது?"

"ரெண்டு பேரும் கைய எடுங்க. நான் இவளை இப்பவே கொண்டு போறேன்."

"அட, ரெண்டு மாசம்தானே. கூட ஒரு குட்டி சும்மா வருது..."

"குட்டி வேண்டாம்."

பூனையம்மாவின் தேன் வற்றிவிட்டது. "பேசி முடிச்சப்புறம் மாத்தினா எப்படிம்மா? நான் இப்போ குடுக்கறதா இல்ல."

மேக்கப்காரி போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நான் போற கல்யாண வீட்ல எல்லாம் பொம்பளைங்க என் முன்னாடி முகத்தைக் குடுத்துட்டு சும்மாதான் உக்காந்திருப்பாங்க. பேச விஷயம் வேணும். உங்க வீட்டு டீயைப் பத்திப் பேசட்டுமா?"

பூனையம்மா படத்தைப் பார்த்தாள். புரோக்கரும் எட்டிப் பார்த்தான். கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான். மெதுவாகக் கீழே வைத்தான்.

"எடுத்துட்டுத் தொலை" என்றாள் பூனையம்மா.

காரில் போகும்போது பூனை அவள் மடியிலிருந்து வழிய வழிய மூத்திரம் பெய்தது. மறுநாள் கை மாற வேண்டிய வண்டி. "போச்சு, சீட்டு போச்சு!" என்று தலையில் அடித்துக்கொண்டான் புரோக்கர். மூத்திரம் அவள் புடவையிலும்தான் ஊறியது. அது அவளுக்கு அருவருப்பாக இல்லை.

நேராக மிருக டாக்டரிடம் விடச் சொன்னாள். கண்ணாடி போட்ட அந்த ஆள் பூனையின் வயிற்றைத் தொடுமுன் அதன் தலையில் கையை வைத்து மெதுவாகத் தடவிக் கொடுத்தார். அப்புறம்தான் சோதித்தார்.

"கர்ப்பப்பை ரொம்பக் கெட்டுப் போயிருக்கு. இன்னொரு தடவை குட்டி தரிச்சிருந்தா இது பொழச்சிருக்காது. எடுத்துடணும். மருந்து குடுக்கறேன். செவ்வாய்க்கிழமை காலைல கூட்டிட்டு வாங்க. அன்னிக்குப் பூரா யாராவது கூட இருக்கணும்."

"நான் இருக்கேன்" என்றாள் மேக்கப்காரி.

புரோக்கர் அவள் பக்கம் குனிந்தான். "செவ்வாய்க்கிழமையா? அன்னிக்கு நாம ஆஸ்பத்திரிக்குப் போகணுமே."

"நான் வரல."

"வரலைன்னா? கேட்ட மாதிரி பூனை வாங்கிக் குடுத்தாச்சுல்ல? இன்னும் ஒரே ஒரு தட..."

வாய் பாதியில் நின்றுவிட்டது. டாக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். அவன் பூனையைப் பார்த்தான், ரிப்பன் இல்லாத அதன் பிடரியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தான். எந்தப் பேரத்தையும் பாதியில் விட்டுப் பழக்கமில்லாதவன். வயிற்றை அமுக்கிய அந்த இரண்டு விரலையும் சட்டையில் துடைத்தான். திரும்பத் திரும்பத் துடைத்தான்.

"பூனை போதும். கூட வேற எதுவும் தர வேண்டாம்" என்றாள் அவனிடம்.

மேஜைமேல் இருந்த பூனை முதல் தடவையாக எழுந்து நின்றது. காலைப் பரப்பி உடம்பை ஒரு உதறு உதறியது. பூசியிருந்த பவுடரெல்லாம் பறந்து டாக்டர் மூக்கில் ஏற, அவர் தும்மினார்.