அலசாத கல்

முன்னறைச் சுவரோரம், இரண்டு முழ நீளக் கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு துண்டுக் கடல் உறங்கிக்கொண்டிருந்தது. உப்புநீர் பளிங்கைப் பழித்தது. வெண்மணல் சலித்த மாவாய்க் கிடந்தது. பாறைகளில் பாசி என்று சொல்ல ஒரு புள்ளி இல்லை. இருபது ஆண்டுகளாக அறுவை அரங்கில் கருவிகளைக் காய்ச்சித் துடைத்து அடுக்கிவரும் செவிலியின் வீட்டுக் கடல் வேறு எப்படி இருக்கும்? உற்றார்க்கும் அயலார்க்கும் அவள் 'சிஸ்டர்'தான்.

அந்தத் தூய்மையின் நடுவே ஒரு மீன் பட்டினியால் மெலிந்துகொண்டிருந்தது.

விரல் நீளம்தான். நீலத்தில் செம்மஞ்சள் கோடுகள் நெளிந்து, பட்டாடை உடுத்தியதுபோல் இருந்ததால் 'பட்டு' என்று அழைத்தாள். மணல்மேல் தத்தித் தத்திப் போய் ஒவ்வொரு கல்லையும் உற்றுப் பார்க்கும்; ஏமாந்து அடுத்த கல்லுக்கு நகரும். கடையில் வாங்கிய தீனி எதையும் அது தொடவில்லை. கல்லில் உயிரோடு ஊரும் தூசியளவுச் சிற்றிறால்களே அதற்கு உணவு. அந்தத் தொட்டியில் அவை ஒன்றுகூட இல்லை. வயிறு ஒட்டி, முதுகு கத்திமுனைபோல் தெரியலாயிற்று.

வேறு வழியின்றி நாத்தனார் வீட்டுக்குப் போனாள். கணவரின் அக்காள், தையற்காரி. துணித்துண்டுகளை விலக்காமல் அந்த வீட்டில் கால்வைக்க முடியாது. அங்கிருந்த தொட்டியோ பாசியும் சேறுமாய்ப் பச்சை பூத்துக் கிடந்தது. பார்த்தாலே சிஸ்டருக்கு மேல் கூசும். ஆனால் உயிர் பொங்கிக்கொண்டிருந்தது அதில்தான்.

"அண்ணி, உங்க தொட்டியிலேர்ந்து ஒரு கல்லு தருவீங்களா?"

உதட்டில் கடித்திருந்த குண்டூசியை எடுத்துவிட்டு நாத்தனார் சிரித்தாள். "யாரு, நீயா கேக்குற? எங்க வீட்டுல தண்ணி குடிக்கவே யோசிப்பியே!"

"பட்டு செத்துடும் அண்ணி."

சிரிப்பு நின்றது. நாத்தனார் முழங்கைவரை கையை விட்டுப் பாசி படர்ந்த கல்லொன்றை எடுத்து, கடல்நீரோடு பாத்திரத்தில் வைத்துக் கொடுத்தாள்.

பத்து நாள் ஆயிற்று. சிற்றிறால் ஒன்றும் பெருகவில்லை. பட்டு தத்துவதைக்கூடக் குறைத்துக்கொண்டது. நாத்தனாரே நேரில் வந்து தொட்டிமுன் குனிந்தாள்.

"நான் குடுத்த கல்லு எங்கடி?"

"அதோ, ஓரத்துல."

"அதுவா இது? பல்லு வெளக்குன மாதிரி இருக்கு! என்ன பண்ணுன?"

"ஒண்ணும் பண்ணலை அண்ணி. குழாத் தண்ணியில மூணு தடவ அலசிட்டு, பழைய பிரஷ்ஷால லேசா..."

"அடிப்பாவி! குடியிருந்தவங்களையெல்லாம் சாக்கடையில விட்டுட்டு, வெறும் வீட்டக் கொண்டாந்து வெச்சிருக்க!"

சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உயிர்களைக் காப்பதற்கென்றே கழுவிப் பழகிய கைகளை மடியில் விரித்துப் பார்த்தபடி இருந்தாள். கண் நிறைந்து வழிந்தது.

"அழாத. மீன நான் கொண்டுபோறேன், எங்க வீட்டுல தின்னு தேறட்டும். மூணு மாசம் நீ இதுல கை வெக்கக் கூடாது. தொடைக்கக் கூடாது, சொரண்டக் கூடாது. சத்தியம் பண்ணு."

"கண்ணாடிய மட்டும்..."

"முன்பக்கம் மட்டும். அதுவும் இல்லேன்னா உனக்குப் பைத்தியம் புடிச்சிடும்."

அன்று மாலையே ஒரு வாளி நிறைய வந்து சேர்ந்தது: அலசாத கற்கள், ஒரு கை சேற்றுமணல், வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த கலங்கல். உடைந்த பவளத் துண்டுகளையும் நாத்தனார் மூலையில் குவித்தாள், மீன் வாய் நுழையாத இடுக்குகளில் சிற்றுயிர் பெருகட்டும் என்று.

பிறகு மீனில்லாத கடல்முன் சிஸ்டர் காத்திருந்தாள். முதலில் பழுப்பு நிறம் ஒரு மெல்லிய திரையாய்ப் படர்ந்தது, விரல்கள் தினவெடுத்தன, கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். ஒரு வைகறையில், தொட்டியின் விளக்கைப் போடுமுன், கண்ணாடியில் வெண்புள்ளியொன்று நடந்தது. மறுநாள் நூறு. கல்லின் துளையிலிருந்து இறகுக் கிரீடம் விரித்து ஒரு புழு மலர்ந்தது. மயிரிழைக் கைகளை நீட்டி ஒரு குறு நட்சத்திரமீன் நீரைத் துழாவியது. கடுகளவு நத்தை தன் கோயிலைத் தானே சுமந்து ஏறியது. எதையும் அவள் படைக்கவில்லை. தடுக்காமல் இருந்தாள், அவ்வளவே. பார்க்கப் பார்க்க அறை கரைந்தது, வேலைக்குப் போகும் நேரம் கரைந்தது. மூச்சும் அலையும் ஒன்றாகி, எந்தப் பெருங்கருணையின் அடிநீரிலோ தானும் ஒரு துகளாய் மிதந்தாள்.

மூன்றாம் மாதம் முடிந்தபோது நாத்தனார் பாத்திரத்தோடு வந்தாள். பட்டு வயிறு உருண்டு, மினுமினுத்தது.

சிஸ்டர் பாத்திரத்தை வாங்கினாள், கவிழ்க்கவில்லை.

"அண்ணி, இது இவங்களையெல்லாம் தின்னுடுமே."

"பின்ன, ஒக்காந்து கத பேசுமா?"

"இன்னும் ஒரு மாசம் உங்க வீட்டுலயே..."

"அன்னைக்கு மீனுக்காக அழுத. இன்னைக்கு மீன் தீனிக்காக அழுவுறியா? நல்ல பொம்பள! எங்க வீட்டுத் தொட்டிய வழிச்சுத் தின்னுடுச்சு இது. இனி அங்க இருந்தா அதுவும் பட்டினி, என் மீனுங்களும் பட்டினி."

சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டு பாத்திரத்தைச் சாய்த்தாள்.

பட்டு மணலில் இறங்கியது. ஒரு கல்லை உற்றுப் பார்த்தது. கொத்தியது. நகர்ந்து, மீண்டும் கொத்தியது. ஒவ்வொரு கொத்தலுக்கும் அவள் நெஞ்சின் ஒரு பாதி சுருக்கென்றது, மறுபாதி குளிர்ந்தது.

"ஒரு நாளைக்கு எவ்ளோ திங்கும் அண்ணி?"

"விடிஞ்சதுலேர்ந்து விளக்கு அணையற வரைக்கும் திங்கும்."

சிஸ்டர் உள்ளே போய், பளபளவென்று துலக்கிய வாளியொன்றை எடுத்துவந்து நாத்தனார் கையில் கொடுத்தாள்.

"மாசத்துக்கு ஒரு வாளி சேறு வேணும் அண்ணி. நல்லா அழுக்கா."